ஷோபான் போட்டியில் பிழையில்லாமல் வாசித்தவர் ஏன் வெளியேறுகிறார்?

2025 அக்டோபரில் வார்சாவில், போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் (Chopin) பெயரில் நடந்த பியானோ போட்டியை இணையத்தில் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரு ஸ்வரம்கூடத் தவறாமல் வாசித்தவர்கள் வெளியேறினார்கள், காதுக்கே தெரியும்படி தப்புத் தட்டியவர்கள் அடுத்த சுற்றுக்குப் போனார்கள், அப்படியானால் நடுவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள், அல்லது எல்லாம் அரசியலா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வாசிப்பில் எது அளக்கப்படுகிறது என்பது ஒன்று. அளந்தது எப்படி முடிவாக மாறுகிறது என்பது மற்றொன்று. முதலாவது இசை சார்ந்தது, இரண்டாவது வெறும் கணக்கு. ரசிகர்களின் கோபத்தில் பெரும்பங்கு கணக்கிலிருந்துதான் வருகிறது. ஆனால் அவர்கள் அதை இசை பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் போட்டியில் பிழைக்கு இத்தனை மதிப்பெண் கழிக்க வேண்டும் என்று விதி கிடையாது. தொனிக்கு இவ்வளவு, தாளத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் போடும் அட்டவணையும் கிடையாது. ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரே ஓர் எண் எழுதித் தருகிறார். 2025-ல் அது 1 முதல் 25 வரை. அந்த ஓர் எண்ணுக்குள் விரல் திறனும் தொனியும் பாணியும் மேடைத் தெளிவும் சேர்ந்து கிடக்கின்றன. அதனால் ஒருவரின் மதிப்பெண்ணைப் பார்த்து அவர் எதற்காகக் குறைத்தார் என்று கண்டுபிடிக்க முடியாது. "மசூர்கா சரியில்லை என்பதால் வெளியேற்றினார்கள்" என்று யாராவது எழுதினால், அது ஊகம். (மசூர்கா என்பது போலந்து நடனத் தாளத்தில் அமைந்த சிறு பியானோ படைப்பு.)

இசையமைப்பாளர் பெயர் தாங்கிய எல்லாப் போட்டிகளும் அந்த ஒருவரின் படைப்புகளையே சுற்றுவதில்லை. மாஸ்கோவின் சாய்கோவ்ஸ்கி போட்டியில் சாய்கோவ்ஸ்கியின் கான்செர்ட்டோ (ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) தவிர வேறு பலருடையதும் வாசிக்க வேண்டியிருக்கும். இத்தாலியின் பொல்சானோ நகரில் நடக்கும் புசோனி போட்டியிலும் பாடத்திட்டம் விரிந்தது. வார்சாவில் முதல் சுற்றிலிருந்து கடைசி வரை ஷோபான் மட்டும்தான். யெஷி ஜுராவ்லெவ் என்ற போலந்து பியானோ ஆசிரியர் 1927-ல் இதைத் தொடங்கியதன் நோக்கமே, ஷோபானை மிகையான உணர்ச்சியில் குழைத்து வாசிக்கும் வழக்கத்தைத் திருத்துவதுதான். அந்த முதல் போட்டிக்கு 8 நாடுகளிலிருந்து 26 பேர் வந்தார்கள். சோவியத் யூனியனின் லேவ் ஒபோரின் வென்றார். இளம் ஷோஸ்தகோவிச் பாராட்டுச் சான்றிதழோடு திரும்பினார். பாணி பற்றிய அந்தக் கவலை இன்றுவரை நடுவர் மேசையில் இருக்கிறது. வேறு போட்டியில் முதல் பரிசு வாங்கும் அளவுக்கு நன்றாக வாசிப்பவர் இங்கே இரண்டாம் சுற்றோடு வெளியேறுவதற்கு இதுவே முதல் காரணம்.

விரல் திறன் எங்கே சோதிக்கப்படுகிறது என்றால், பெரும்பாலும் முதல் சுற்றோடு. எட்யூட் என்பது விரல் பயிற்சியை மையமாக வைத்த சிறு படைப்பு. ஏ மைனர் எட்யூடை (ஓபஸ் 10, எண் 2; ஓபஸ் என்பது வெளியீட்டு வரிசை எண்) எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் அரைச் சுரப் படிகளில் விடாமல் ஏறி இறங்க வேண்டும். அதே கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒவ்வொரு அடியிலும் குறுகிய கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) கொத்த வேண்டும். ஷோபான் குறித்த வேகம் மெட்ரோனோமில் 144. மொத்தம் ஒன்றரை நிமிடம். இதில் நடக்கும் கோளாறு ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றே. கட்டைவிரல் கார்டுகளைச் சற்றே அழுத்திவிட்டால் முன்கை இறுகும். இறுகிய கையில் மோதிர விரல் தாமதிக்கும். முதல் பக்கத்தில் தெரியாது, பாதி தாண்டியதும் வேகம் குறையும் அல்லது ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். ஜி ஷார்ப் மைனர் எட்யூடில் (ஓபஸ் 25, எண் 6) மூன்றாம் இடைவெளி இரட்டை ஸ்வரங்களை மெல்லிய குரலில் நடுக்க வேண்டும். உரக்க வாசித்தால் சுலபம், எழுதியபடி மெல்ல வாசித்தால் பாதி ஸ்வரங்கள் ஒலிக்காமலே போகும். ஆகவே இங்கே இரண்டு ஸ்வரம் தவறியும் தொனியை மெல்லியதாகக் காத்தவருக்கு, எல்லா ஸ்வரங்களையும் உரக்கத் தட்டியவரைவிட அதிக மதிப்பெண் கிடைப்பது நியாயமே. இணையத்தில் கேட்பவர் எண்ணுவது தவறிய ஸ்வரத்தை. நடுவர் கேட்பது, அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பதை. துணிந்து குறைந்த ஒலியில் போனதால் நழுவியதா, கை இறுகியதால் நழுவியதா என்பது பயிற்சியுள்ள காதுக்கு உடனே தெரியும்.

அதே சுற்றில் வரும் நாக்டர்ன், அதாவது இரவின் மனநிலையில் பாடுவதுபோன்ற மெதுவான படைப்பு, இதற்கு நேர்மாறான சோதனை. வேகம் இல்லை, மறைந்துகொள்ள இடமும் இல்லை. ஷோபானின் ருபாட்டோ (வேகத்தை நெகிழ்த்தி வாசிப்பது) பற்றி அவருடைய மாணவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகள் ஒரே திசையைக் காட்டுகின்றன: இடது கை தாளத்தை விடக்கூடாது, வலது கை அதன்மேல் சுதந்திரமாகப் பாடலாம். நம் கச்சேரியில் தாளம் தன் போக்கில் போய்க்கொண்டிருக்க, பாடுகிறவர் வரியை முன்னே பின்னே தள்ளி எடுப்பதை நினைத்துக்கொண்டால் போதும். வெளியேறுபவர்களில் பலர் செய்வது, இரண்டு கைகளையும் சேர்த்து மெதுவாக்கி, பிறகு சேர்த்து விரைவாக்குவது. முதல் தடவை அழகாக இருக்கும். எட்டாவது வரியிலும் அதே இடத்தில் அதே இழுவை வந்தால், தாளமே இல்லாத குழைவாகிவிடும். ஒலியை நீட்டிக்கும் மிதியான பெடலும் இங்கே காட்டிக்கொடுக்கும். ஷோபான் குறித்த நீண்ட பெடல்கள் அவர் காலத்துப் பிளேயல் பியானோவுக்கானவை. அதில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்றைய ஒன்பதடிக் கச்சேரிப் பியானோவில் அதே பெடலை முழுதாக அழுத்தினால் ஹார்மனி (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் இணைவு) கலங்கும். குறியைப் பொருட்படுத்தாமல் அடிக்கடி மாற்றினால் வரி வறண்டுபோகும். பாதி அழுத்தி, பாதி விட்டு, ஆழமான இடது கை ஸ்வரத்தை மட்டும் நிறுத்திவைக்கத் தெரிய வேண்டும். (2018 முதல் வார்சாவில் அந்தக் காலப் பியானோக்களிலேயே தனியாக ஒரு ஷோபான் போட்டியும் நடக்கிறது. அதைக் கொஞ்சம் கேட்டால் இந்தப் பெடல் விஷயம் நூறு விளக்கங்களைவிடத் தெளிவாகும்.)

2025-ன் இரண்டாம் சுற்றில் ஒரு பொலோனேஸும் (போலந்து நடன வடிவில் அமைந்த படைப்பு), ஓபஸ் 28-லிருந்து தொடர்ந்து ஆறு பிரெலூடுகளும் கட்டாயமாக இருந்தன: 7 முதல் 12 வரை, அல்லது 13 முதல் 18 வரை, அல்லது 19 முதல் 24 வரை. ஆறு சின்னஞ்சிறு உலகங்களை இடைவெளி விடாமல் மாற்றிக்காட்டும் வேலை அது. இதில் எனக்கு நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றாம் சுற்றுக்குப் போகிறேன். அங்கேதான் உங்கள் கேள்விக்கான உண்மையான விடை இருக்கிறது.

மூன்றாம் சுற்றில் ஒரு சொனாட்டாவும் (பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு) ஒரு முழு மசூர்கா தொகுதியும் வாசிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட தொகுதிகள் ஓபஸ் 17, 24, 30, 33, 41, 50, 56, 59. முதல் ஐந்திலும் நான்கு நான்கு மசூர்காக்கள், கடைசி மூன்றில் மும்மூன்று. தொகுதியை உடைக்கக் கூடாது, வரிசையை மாற்றவும் கூடாது. ஓபஸ் 33-லும் 41-லும் பதிப்புக்குப் பதிப்பு வரிசை வேறுபடுவதால், ஏற்கப்படும் இரண்டு வரிசைகளை விதிமுறையே எழுதிவைத்திருக்கிறது. விரல் சிரமம் என்று பார்த்தால் மசூர்காக்கள் எட்யூடுகளுக்குப் பக்கத்திலேயே வரமாட்டா. ஆனாலும் போட்டியாளர்கள் பெரும்பாலும் கலங்குவது இங்கேதான். மூன்று அடித் தாளம். அழுத்தம் இரண்டாவது அடியிலோ மூன்றாவதிலோ விழும், அதுவும் ஒவ்வொரு வரியிலும் இடம் மாறும். போலந்துக் கிராம நடனங்கள் மூன்று இதற்கு அடியில் இருக்கின்றன: நடுத்தர வேக மசூர், மெதுவாக அசையும் குயாவியாக், சுழன்று ஓடும் ஒபெரெக். ஒரே மசூர்காவுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்யும்.

அடிகளின் நீளம் சமமாக இல்லை என்பதே நுட்பம். ஓபஸ் 33-ன் சி மேஜர் மசூர்காவை ஷோபானின் மாணவர் லென்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்த இசையமைப்பாளர் மேயர்பேர், இது இரண்டு அடித் தாளம் என்று சொல்ல, ஷோபான் கோபத்தோடு மூன்றடி என்று வாதிட்டதை லென்ஸ் பதிவு செய்திருக்கிறார். அந்த அளவுக்கு அவர் ஓர் அடியை நீட்டினார். இப்போது போட்டியாளர் என்ன செய்கிறார்? பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டு, இரண்டாம் அடியை நீட்ட வேண்டும் என்று மனப்பாடம் செய்து, எல்லாச் சந்தங்களிலும் (மூன்றடிச் சுற்றுகளிலும்) ஒரே அளவு நீட்டுகிறார். நான்கு சந்தங்களுக்குள் அது இயந்திரமாகிவிடுகிறது. இன்னொரு சாரார் அழுத்தத்தை உரப்பாகப் புரிந்துகொண்டு அந்த அடியைக் குத்துகிறார்கள். உண்மையில் அந்த அடிக்குச் சற்று முன்னால் காத்திருப்பதாலோ, முந்தின ஸ்வரத்தைச் சீக்கிரம் விட்டுவிடுவதாலோகூட அழுத்தம் வரும். ஓபஸ் 56-ன் இரண்டாவது மசூர்காவின் தொடக்கத்தில் இடது கையில் சி, ஜி இரண்டும் விடாது ஒலிக்கின்றன. அங்கே பெடலை அள்ளிப்போட்டால் கிராமத்து வாத்தியத்தின் கரகரப்பு மறைந்து வரவேற்பறை இசையாகிவிடும். ஓபஸ் 17-ன் நான்காவது, ஏ மைனரில் இருந்தும், தொடங்கும்போதும் முடியும்போதும் தன் சுருதியைத் தெளிவாக ஒப்புக்கொள்ளாது. கடைசிக் கார்டை "முடிந்தது" என்று மூடி வாசித்தால் அந்தப் படைப்பைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். திரும்ப வரும் வரியை முதல் தடவை வாசித்த மாதிரியே வாசிப்பதும் அதே போன்ற குறை. இவற்றில் எதுவும் தவறான ஸ்வரமாகக் கணக்கில் வராது. நீங்கள் "பிழையே இல்லை" என்று குறித்துவைத்த வாசிப்பில் இவை எல்லாமே இருந்திருக்கலாம்.

மசூர்கா போலந்துக்காரர்களுக்கே வரும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். மசூர்காவுக்கான போலந்து வானொலிப் பரிசு 1927 முதலே இருக்கிறது. 1955-ல் அதை வாங்கியவர் சீனாவின் ஃபூ ட்சோங். 1965-ல் அர்ஜென்டினாவின் மார்த்தா அர்கெரிச், 1980-ல் வியட்நாமின் டாங் தாய் சோன். பிறப்பைவிடக் காது முக்கியம் என்பதற்கு இவ்வளவு போதும்.

சொனாட்டாவில் பார்க்கப்படுவது நீண்ட வடிவத்தைத் தாங்கும் திறன். பி ஃப்ளாட் மைனர் சொனாட்டாவின் (ஓபஸ் 35) கடைசிப் பகுதி ஒன்றரை நிமிடம்தான். இரண்டு கைகளும் ஒரே ராகவரியை ஒரு ஸ்தாயி தள்ளி, மெல்லிய குரலில், மூச்சு விடாமல் ஓட்ட வேண்டும், இறுதி வரை ஒரு கார்டுகூட இல்லை. அதில் வேகம் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே ஒளிந்திருக்கும் ஹார்மனியைக் காட்டுகிறவர்கள் சிலரே. இறுதிச் சுற்றில் 2025-ல் புதிதாக, கான்செர்ட்டோவுக்கு முன்னால் பொலோனேஸ்-ஃபாண்டஸி (ஓபஸ் 61) வாசிக்கவைத்தார்கள். இது நல்ல மாற்றம் என்பது என் கருத்து. இரண்டு கான்செர்ட்டோக்களும் ஷோபான் இருபது வயதை ஒட்டி எழுதியவை. அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்தால் முதிர்ந்த ஷோபான் கடைசித் தீர்ப்பிலிருந்து விடுபட்டுப் போகிறார். பலர் ஈ மைனர் கான்செர்ட்டோவையே தேர்ந்தெடுக்கிறார்கள். அது நீளமானது, முடிவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் எஃப் மைனர் வாசித்தால் தோல்வி என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. 1980-ல் டாங் தாய் சோனும் 2025-ல் எரிக் லூவும் அதை வாசித்துத்தான் வென்றார்கள்.

உங்கள் காதுக்கும் நடுவர் காதுக்கும் இடையே இன்னொரு வேறுபாடு உண்டு, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒலிவாங்கி பியானோவுக்கு அருகில் இருக்கிறது. நடுவர்கள் வார்சா ஃபில்ஹார்மனி அரங்கின் மாடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அருகிலிருந்து கேட்கும்போது சிறு நடுக்கமும் தெளிவாகத் தெரியும். மெல்லிய ஒலிகூடச் செழிப்பாக இருக்கும். மாடத்திலோ சின்னப் பிசிறு கரைந்துபோகும். ஆனால் வலது கை வரி இடது கையின் மேலாக எழும்பி வருகிறதா, மெல்லிய ஸ்வரம் தூரம் போகிறதா என்பது அம்பலமாகும். இதனால் ஒளிபரப்பில் மிக நுணுக்கமாகத் தோன்றிய வாசிப்பு அரங்கில் சிறுத்துப் போயிருக்கலாம். பியானோ தேர்வும் இதில் சேரும். 2025-ல் ஸ்டெய்ன்வே, யமஹா, ஷிகெரு கவாய், ஃபட்ஸியோலி, பெக்ஸ்டைன் என்று ஐந்து தயாரிப்புகளிலிருந்து ஒன்றை, சில நிமிடங்கள் மட்டும் வாசித்துப் பார்த்து, போட்டியாளர் தேர்வு செய்ய வேண்டியிருந்தது. ஆளில்லாத அரங்கில் பிரகாசமாகக் கேட்ட பியானோ, கூட்டம் நிறைந்ததும் வேறு மாதிரி ஒலிக்கும்.

இனி கணக்கு. 17 நடுவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு எல்லோரும் 21 போடுகிறார்கள், சராசரி 21. இன்னொருவரைப் பாதிப்பேர் கொண்டாடி 24 போடுகிறார்கள், மீதிப் பாதி பிடிக்காமல் 17 போடுகிறார்கள். சராசரி ஏறக்குறைய 20.5. யாரையும் சிலிர்க்க வைக்காத, யாரையும் எரிச்சலூட்டாத முதலாமவர் மேலே போவார், பலர் மறக்க முடியாமல் தவிக்கும் இரண்டாமவர் கீழே நிற்பார். இதில் சதி இல்லை, சராசரியின் இயல்பே இதுதான். சராசரியிலிருந்து மிக விலகிய மதிப்பெண்ணை எல்லைக்குள் இழுத்துத் திருத்தும் விதியும் இருக்கிறது. 16 பேர் 22 போட்டு ஒருவர் மட்டும் 5 போட்டால் சராசரி 21.0 ஆக விழும். அந்த 5-ஐ, சராசரிக்கு இரண்டு புள்ளி கீழே, 19 என்று திருத்தினால் 21.8 ஆகும். தனியாள் ஒருவரின் வன்மத்தை இது தடுக்கும். ஆனால் மேலே சொன்ன பாதிக்குப் பாதி பிளவில் இருபுறமும் சமமாக இழுபடுவதால், அந்தப் போட்டியாளருக்கு எந்த உதவியும் செய்யாது. 84 பேரிலிருந்து 40, 40-லிருந்து 20, பிறகு 11 என்று வடிகட்டும்போது, கோட்டுக்கு இருபுறமும் நிற்பவர்களைப் பிரிப்பது ஒரு புள்ளியின் சிறு பின்னமாகவே இருக்கும். மேலும் 2025-ல் சுற்றுகளின் மதிப்பெண்கள் சேர்ந்துகொண்டே வந்தன: இறுதிக் கணக்கில் முதல் சுற்றுக்கு 10 சதவீதம், இரண்டாவதுக்கு 20, மூன்றாவதுக்கும் இறுதிச் சுற்றுக்கும் தலா 35. எனவே கடைசி இரவில் அற்புதமாக வாசித்தவர் ஏன் வெல்லவில்லை என்ற கேள்விக்கு விடை, முந்தைய சுற்றுகளில் அவர் வாசித்த மசூர்காவிலோ நாக்டர்னிலோ இருக்கக்கூடும்.

அரசியலா என்றால், கருத்து மோதல் நிச்சயம் இருந்திருக்கிறது. 1955-ல் ஆதாம் ஹராசியேவிச் முதலிடமும் அஷ்கெனாசி இரண்டாமிடமும் பெற்றபோது, நடுவர் மிக்கேலாஞ்சலி அந்தத் தீர்ப்பில் கையெழுத்திட மறுத்தார். 1980-ல் இவோ பொகொரெலிச் இறுதிச் சுற்றுக்குப் போகாததைக் கண்டித்து அர்கெரிச் நடுவர் குழுவிலிருந்து வெளியேறினார். 1990-லும் 1995-லும் முதல் பரிசே யாருக்கும் தரவில்லை. 2015-ல் சோங் ஜின் சோ வென்றார். ஆனால் இறுதிச் சுற்றில் ஒரு நடுவர் அவருக்குப் பத்துக்கு 1 போட்டிருந்தது பட்டியல் வெளியானதும் தெரிந்தது. தன் மாணவருக்கு நடுவர் மதிப்பெண் போடக்கூடாது என்பது விதி, அது பின்பற்றப்படுகிறது. ஆனால் ஒரே ஆசிரியர் மரபில் வந்தவர்கள் ஒரே மாதிரி வாசிப்பை விரும்புவதை எந்த விதியாலும் தடுக்க முடியாது. அது உள்நோக்கமா, ரசனையா என்பதை எண்களிலிருந்து பிரித்தறியவும் இயலாது. குறிப்பிட்ட ஒருவர் அநியாயமாக வெளியேற்றப்பட்டார் என்று உறுதியாகச் சொல்பவர்களிடம் இந்த எல்லையை நினைவூட்டுங்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. 2025 மூன்றாம் சுற்றின் முழு ஒளிப்பதிவுகள் கிடைக்கின்றன. ஒரே மசூர்கா தொகுதியை வாசித்த மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். திரையைப் பார்க்காமல் இடது கையை மட்டும் கேளுங்கள். முதல் மசூர்காவில் நீண்ட அடி எது என்று பென்சிலால் குறியுங்கள், ஒவ்வொரு வரிக்கும். எல்லா வரியிலும் ஒரே இடத்தில் குறி விழுந்தால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். திரும்ப வரும் வரியில் தொனியோ நீளமோ மாறியதா என்று அடுத்து பாருங்கள். பிறகு கடைசி மசூர்காவின் முடிவை எப்படி விட்டார்கள் என்று கேளுங்கள். இவ்வளவையும் குறித்தபின் மதிப்பெண் பட்டியலைத் திறந்து, உங்கள் வரிசையையும் 17 நடுவர்களின் தனித்தனி வரிசைகளையும் ஒப்பிடுங்கள். உங்களோடு ஒத்துப்போகும் நடுவர் ஒருவராவது அநேகமாகக் கிடைப்பார். அவர் மற்றச் சுற்றுகளில் யாருக்கு உயர்வாகப் போட்டிருக்கிறார் என்று பார்த்து, அந்த வாசிப்புகளை அடுத்துக் கேளுங்கள்.